வெளியில் நின்று பார்த்த பாரிஸ்

யோகாவின் மூத்த மகளுக்குக் கலியாணம் என்று செய்தி வந்தபோது ஆரூரன் முதலில் போவதில்லை என்றுதான் சொன்னான். சிட்னியின் பிளாக்டவுனில் இருந்து பாரிசுக்கு இரண்டு பேர் போய் வருவதென்றால் சும்மாவா? ஆனால் யோகா தொலைபேசியில் அழுதாள்.

"எனக்கெண்டு இருக்கிறது நீ ஒருத்தன்தானே தம்பி. நீயும் வராட்டில் மாப்பிள்ளை வீட்டுக்காரருக்கு முன்னால நான் ஆரைக் காட்டுறது?"

அக்கா அழுதால் அவனுக்கு மறுக்கத் தெரியாது. சீனாவில் ஏதோ ஒரு விமான நிலையத்தில் ஒரு பகல் முழுவதும் கதிரையில் சாய்ந்து கிடக்க வேண்டிய, ஆகக் குறைந்த விலை ரிக்கற்றைத் தேடி எடுத்தான்.

அவன் மனைவி சிவகௌரி வெஸ்ட்மீட்டுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தாள். லீவு கேட்கப் போன அன்று கூட வேலை செய்யும் தனேஸ்வரி, மலேசியாக்காரி, கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"பாரிஸா? புருஷனோடயா? ஹனிமூன்தான் லா, வேற என்ன."

கௌரி சிரித்துக்கொண்டு போய்விட்டாள். ஆனால் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது அந்த வார்த்தை மனதில் கிடந்தது. அவர்கள் கலியாணம் முடிந்த அதே வருடம் அவளை ஊரில் விட்டுவிட்டு ஆரூரன் அகதியாகப் படகேறிவிட்டான். பிறகு சிட்னியில் வில்லாவுட் தடுப்பு முகாமில் சில வருடம். வெளியே வந்து தற்காலிக விசாவில் இன்னும் பல வருடம். நிரந்தர விசா கிடைத்து, அவன் அவளுக்கு விண்ணப்பித்து, அவள் சிட்னியில் வந்து இறங்கியபோது பன்னிரண்டு வருடம் ஓடிப்போயிருந்தது. விமான நிலையத்தில் அவள் பார்த்தது வீடியோவில் தினமும் பார்த்த முகம்தான். அந்த முகத்துக்குக் கீழே இருந்த உடம்பு, நடை, வியர்வை வாசம் எல்லாம் அவளுக்கு மறந்து போயிருந்தன.

அதைவிடப் பெரிய விசயம், வந்தபிறகு அவர்களுக்குக் கதைக்க ஒன்றும் இல்லாமல் போனதுதான். போனில் எவ்வளவோ கதைத்தவர்கள். மழை பெய்தது, கறிக்கு உப்புக் கூடிவிட்டது, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது என்று ஒன்று விடாமல் சொன்னவர்கள். ஒரே அறைக்குள் வந்தபிறகு கதை வற்றிவிட்டது. ஊர்க்காரரான கோபாலகிருஷ்ணன் அங்கிள் வீட்டின் பின்பக்கத்தில் ஒரு அறையும் சமைக்கச் சின்னக் குசினியும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஆரூரன் விடிய முன்பு ஒரு பொருட்கிடங்குக்குப் போவான். அங்கிருந்து நேரே இன்னொரு கட்டடத்துக்குத் துப்புரவு வேலைக்குப் போவான். அவன் வரும்போது அவள் களைத்திருப்பாள். அவள் எழும்பும்போது அவன் போயிருப்பான். கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் தூங்கினார்கள்.

பாரிஸ் விமான நிலையத்தில் இறங்கியபோது ஆடி மாதம் பிறக்கவில்லை. அதற்கு முன் கலியாணத்தை முடித்துவிடவேண்டும் என்று எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். யோகாவின் வீடு லா கூர்னெவ் என்ற இடத்தில், மெட்ரோப் பாதையின் கடைசி ஸ்ரேசனுக்குக் கிட்ட, உயரமான ஒரு கட்டடத்தின் ஆறாம் மாடியில் இருந்தது. லண்டனில் இருந்து வந்தவர்கள், ஜெர்மனியில் இருந்து வந்தவர்கள் எல்லாரும் வரவேற்பறையில் வரிசையாகப் படுத்தார்கள். குளியல் தொட்டிக்குள் மாலைகளைப் போட்டுத் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். குளிக்க வேண்டுமென்றால் மாலைகளைத் தூக்கி வாளியில் வைத்துவிட்டுக் குளித்து, பிறகு திரும்பத் தொட்டிக்குள் வைக்க வேண்டும்.

கலியாண வீட்டில் பெண்கள் கௌரியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"இன்னும் ஒண்டும் இல்லையோ பிள்ளை?"

இன்னொருத்தி பதிலுக்குக் காத்திராமல் சொன்னாள். "சிட்னியில நல்ல டொக்டர்மார் இருக்கினமாம். இப்ப எத்தனை வயசிலயும் பிறக்குது."

கௌரிக்கு நாற்பது முடிந்திருந்தது. அவள் ஓம் ஓம் என்று தலையாட்டினாள். அன்று மாலைக்குள் அந்தக் கேள்விக்கு அவள் எத்தனை பேருக்குச் சிரித்தாள் என்று அவளுக்கே தெரியாது. கன்னம் நொந்தது.

கலியாணம் முடிந்தது, வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். யோகாவின் கணவர் வாசுதேவன் ரெஸ்டோரண்ட் வேலைக்குத் திரும்பினார். யோகாவும் வேலைக்குப் போகத் தொடங்கினாள். ஆரூரனுக்கும் கௌரிக்கும் விமானம் ஏற இன்னும் மூன்று நாள் இருந்தது.

"இவ்வளவு தூரம் வந்திட்டு ஈபிள் கோபுரத்தைப் பாக்காமல் போறதோ?" என்றாள் யோகா. "என்னால கூட்டிக்கொண்டு போக ஏலாமல் கிடக்கு. நீங்களே போய்ப் பாத்திட்டு வாங்கோ. மெட்ரோவில ஏறினால் எல்லா இடமும் கிட்டத்தான்."

மெட்ரோவுக்கு ஆளுக்கொரு அட்டை தந்தாள். பிறகு கௌரியைக் குசினிக்குள் கூப்பிட்டு ஒரு இருபது யூரோ நோட்டை நான்காக மடித்து அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். "இவனுக்குச் சொல்லாதை. எங்கயாவது இருந்து ஒரு கோப்பி குடி."

ஆரூரனிடம் ஒரு முறை இருந்தது. எதையும் வெளியில் நின்று பார்ப்பது. உள்ளே போக ரிக்கற் வேண்டிய இடத்துக்கு முன்னால் நின்று போனில் ஒரு வீடியோ எடுப்பான். "வெளியில நிண்டு பாத்தாலும் பாத்ததுதான்" என்பான். பிறகு அடுத்த இடம். முதல் நாள் அப்படியே பெரிய வளைவையும், கடைகள் நிறைந்த அகலமான தெருவையும், ஒரு பொன் நிறப் பாலத்தையும் பார்த்தார்கள். பையில் யோகா கட்டித் தந்த இடியப்பமும் சம்பலும் இருந்தன. தெருவோரம் இருந்த பச்சை நிறக் குழாய்களில் போத்தலை நிரப்பிக்கொண்டார்கள். இரண்டு ஸ்ரேசன் தூரம் என்றால் மெட்ரோ எடுக்காமல் நடந்தார்கள்.

அவன் வேகமாக நடப்பான். கௌரி பின்னால் வருவாள். திரும்பிப் பார்ப்பான், நிற்பான், அவள் கிட்ட வந்ததும் மறுபடி நடக்கத் தொடங்குவான். அவன் நின்ற நேரம் அவனுக்கு இளைப்பாறக் கிடைத்தது. அவளுக்கு அதுவும் கிடைக்கவில்லை. பிளாக்டவுனில் மலிவு விலையில் வாங்கிய சப்பாத்து அவளுக்கு அரை அளவு பெரிது. முதல் நாள் மாலையே இரண்டு குதிக்காலிலும் கொப்புளம் போட்டுவிட்டது. அதை அவள் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் காலை ஒரு பெரிய அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பிரமிட்டுக்கு முன்னால் நின்றார்கள். உள்ளே போகிறவர்களின் வரிசை வளைந்து வளைந்து போனது. ஆரூரன் வீடியோ எடுத்தான். எடுத்து எடுத்து அவன் போனில் இடம் முடிந்துவிட்டது. கௌரியின் போனை வாங்கி அதில் எடுத்தான். அதில் சார்ஜ் இறங்கியபோது பையில் இருந்த பவர் பாங்கில் செருகிப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

ஆற்றங்கரையோரமாக நடந்து நோத்ர்தாம் தேவாலயத்துக்கு வந்தார்கள். அங்கே உள்ளே போகக் காசு இல்லை என்று யோகா சொல்லியிருந்தாள். வரிசையில் நின்று உள்ளே போனார்கள். நெருப்பில் எரிந்து மறுபடி திருத்திக் கட்டியது. கல்லெல்லாம் நேற்று வெட்டியதுபோல வெள்ளையாக இருந்தது. எங்கோ ஒரு பெண் மெல்லிய குரலில் எதையோ பாடிக்கொண்டிருந்தாள். கௌரி ஒரு கதிரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கால் இரண்டும் தன்னுடையவை இல்லை என்பதுபோல இருந்தது.

"எழும்பும்" என்றான் ஆரூரன். "கோபுரத்துக்குப் போகவேணும்."

"கொஞ்ச நேரம் இருப்பமே."

"இருக்கிறதெண்டால் அக்கா வீட்டிலயே இருந்திருக்கலாமே கௌரி."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் அலுப்பாக இருந்தது. எழும்பினாள்.

தேவாலயத்தில் இருந்து பாலம் கடந்து மெட்ரோவுக்குப் போகிற வழியில் ஒரு கோப்பிக் கடை. வெளியே சின்ன வட்ட மேசைகள். கதிரைகள் எல்லாம் படம் பார்க்க வந்தவர்கள்போல தெருவைப் பார்த்தபடி கிடந்தன. ஆட்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஒன்றும் செய்யாமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இஞ்ச ஒரு கோப்பி குடிப்பமே?" என்றாள் கௌரி.

அவன் பலகையில் எழுதியிருந்த விலையை வாசித்தான். "நிண்டு குடிச்சா ஒரு விலை, இருந்து குடிச்சா இன்னொரு விலையாம். அக்கா வீட்டில தேத்தண்ணி கிடக்குத்தானே."

கௌரியின் கைப்பையில் அந்த நோட்டு இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். ஆனால் அவள் கேட்டது கோப்பியை இல்லை. அவன் பக்கத்தில் ஒரு கதிரையில் ஒன்றும் செய்யாமல் இருக்கவேண்டும் என்று அவளுக்கு இருந்தது. அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. போனில் என்றால் சொல்லியிருப்பாள்.

ஷாத்லே ஸ்ரேசன் நிலத்துக்குக் கீழே ஒரு ஊர் அளவு பெரிது. ஒரு நீளச் சுரங்கம் முடிந்தால் இன்னொன்று. ஏறி இறங்கி மறுபடி ஏற வேண்டும். ஆரூரன் பெயர்ப் பலகைகளைப் பார்த்துக்கொண்டு முன்னால் போனான். அவர்கள் பிளாட்பாரத்துக்கு வந்தபோது ரயில் நின்றுகொண்டிருந்தது. மணி அடித்தது. அவன் ஓடி ஏறிவிட்டுத் திரும்பினான்.

"கெதியா வாரும்."

கௌரி வந்தாள். அவளுக்கு முன்னால் கதவு மூடியது. பிளாட்பாரத்துக் கண்ணாடிக் கதவு ஒன்று, ரயிலின் கதவு ஒன்று, இரண்டும் மூடின. இரண்டு கண்ணாடிக்கும் அப்பால் அவன் முகம் தெரிந்தது. வாய் அசைந்தது. கையால் ஏதோ காட்டினான். அங்கேயே நில் என்கிறானா, அடுத்ததில் வா என்கிறானா, அவளுக்கு விளங்கவில்லை. ரயில் போய்விட்டது.

முதலில் அவள் பதறவில்லை. வருவான் என்று சுவரோடு சாய்ந்து நின்றாள். அடுத்த ரயில் வந்தது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். எதிர்ப் பக்கத்திலும் ரயில்கள் வந்தன. அவன் வரவில்லை. சப்பாத்தில் இருந்து ஒரு குதிக்காலை வெளியே எடுத்து விட்டுக்கொண்டாள். கைப்பையைத் துழாவியபோதுதான் போன் அவன் பையில் கிடப்பது நினைவுக்கு வந்தது. காத்து நிற்பது அவளுக்குப் புதிதில்லை. எத்தனை ரயில் போனதென்று அவள் எண்ணவில்லை.

ஒரு கட்டத்தில், ஏன் என்று யோசிக்காமலே, வந்து நின்ற ரயிலில் ஏறினாள்.

அடுத்த ஸ்ரேசனில் இறங்கினாள். அங்கே அவன் இல்லை. பிளாட்பாரம் முழுவதும் சிலைகள் இருந்தன. காலையில் அவர்கள் உள்ளே போகாமல் விட்ட அருங்காட்சியகத்துச் சிலைகளின் மாதிரிகள் என்று பார்த்ததும் விளங்கியது. மங்கலான வெளிச்சத்தில், ரயிலுக்குக் காத்திருப்பவர்களைப்போல அவையும் நின்றன. யாரும் அவற்றைப் பார்க்கவில்லை. கௌரி ஒரு இருக்கையில் இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவசரப்படுத்த ஆள் இல்லை. நேரம் எடுத்துப் பார்த்தாள்.

அவன் எங்கே போயிருப்பான்? அடுத்தது கோபுரம் என்று காலையில் இருந்து சொல்லிக்கொண்டிருந்தான். ஒருவேளை அங்கே போய் நிற்கலாம். யோகா வீட்டுக்குப் போகிற வழி கௌரிக்குத் தெரியும். இளஞ்சிவப்பு நிறக் கோடு, கடைசி ஸ்ரேசன். ஆகவே தொலைந்துபோகப் பயமில்லை. பக்கத்தில் நின்ற ஒரு இளம் பெண்ணிடம் "ஈபிள்?" என்று கேட்டாள். அந்தப் பெண் சுவரில் இருந்த படத்தில் விரலால் கோடு இழுத்துக் காட்டினாள். இங்கே இறங்கு, பச்சைக் கோட்டுக்கு மாறு, இங்கே வெளியே வா.

வெளியே வந்து அகலமான ஒரு முற்றத்தைக் கடந்ததும் கோபுரம் முழுவதாக முன்னால் நின்றது. படங்களில் பார்த்து அது வெள்ளி நிறம் என்று நினைத்திருந்தாள். இல்லை. விளக்காமல் விட்ட செப்புக் குடத்தின் நிறம். அவ்வளவு பெரிய ஒன்று அவ்வளவு மெலிதாக, அப்பால் இருக்கும் வானம் தெரிய நிற்கும் என்று அவள் நினைக்கவில்லை.

கூட்டத்துக்குள் ஆரூரனைத் தேடினாள். நீலச் சட்டை போட்ட ஒவ்வொரு ஆளையும் பார்த்தாள். முற்றத்தின் இந்த முனையில் இருந்து அந்த முனை வரைக்கும் நடந்தாள். பிறகு தேடுவதை விட்டுவிட்டாள். ஒரு வண்டிக் கடையில் யோகாவின் நோட்டைக் கொடுத்துக் காகிதக் குவளையில் கோப்பி வாங்கினாள். படியில் இருந்து சப்பாத்து இரண்டையும் கழற்றி வைத்துவிட்டுக் குடித்தாள். கோப்பி நன்றாக இல்லை. ஆனாலும் கடைசி வரைக்கும் குடித்தாள்.

பக்கத்தில் தமிழ்க் குரல் கேட்டது.

"அம்மா, இங்க நில்லுங்க. டவர் தலைக்கு மேல வர்ற மாதிரி எடுக்கறேன்."

சென்னைப் பக்கத்துக் குடும்பம் போல இருந்தது. அம்மா, மகள், மருமகன். மகள் சுற்றும் முற்றும் பார்த்து, கௌரியிடம் வந்து, ஆங்கிலத்தில் ஒரு படம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டாள். கௌரி எழும்பி, வெறுங்காலோடு நின்று, மூன்று பேரையும் கோபுரத்தையும் சேர்த்து எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் நன்றி சொன்னாள். கௌரி "ஓகே" என்றாள்.

கையில் இன்னும் அவர்களுடைய போன் இருந்தது. ஆரூரனின் சிட்னி இலக்கம் அவளுக்கு மனப்பாடம். பன்னிரண்டு வருடமாக அழுத்திய இலக்கம். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டால் போதும், எங்கே நின்றாலும் அவனுக்குக் கிடைக்கும். நான் தமிழ்தான், என் கணவரைத் தவற விட்டுவிட்டேன் என்று சொன்னால் அந்த அம்மா கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தியிருப்பார்.

அவள் கேட்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து தன் படியில் இருந்தாள்.

அவர்கள் சிரித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்கள். கௌரி வெயில் படும்படி காலை நீட்டி வைத்திருந்தாள். சிட்னிக்கு வந்தபிறகு இப்படி ஒன்றும் செய்யாமல் தனியாக இருந்ததில்லை. அதற்கு முன்னால் தனியாக மட்டும்தான் இருந்தாள். அப்போதெல்லாம் அது பாரமாக இருந்தது. இப்போது அதே தனிமை ஏன் உடம்புக்கு இதமாக இருக்கிறது என்று யோசித்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. இருந்தும் எழும்ப மனம் வரவில்லை. பக்கத்தில் ஒரு குழந்தை ஐஸ்கிறீமைக் கீழே போட்டுவிட்டு அழுது, அழுகை ஓய்ந்து, தகப்பனின் தோளில் தூங்கியும் போனது. அதற்குப் பிறகுதான் அவள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டாள்.

கௌரி ஆறாம் மாடிக்கு வந்து சேர்ந்தபோது யோகா வாசலிலேயே நின்றாள்.

"எங்கையடி போனனீ? அவன் அங்க ஷாத்லேயில நிண்டு விசர் பிடிச்சவன் மாதிரி எனக்குப் போன் எடுத்துக்கொண்டு நிக்கிறான்."

"கோபுரத்தடிக்குப் போனனான் மச்சாள். அங்க வருவார் எண்டு நினைச்சன்."

யோகா தம்பிக்கு அழைத்தாள். "வந்திட்டாள். ஓம், சுகமா இருக்கிறாள். நீ வா."

ஆரூரன் வந்தபோதும் வெளியே வெளிச்சம் இருந்தது. அந்த ஊரில் கோடையில் பொழுது படுவதே இல்லை போலும். அவன் பையைக் கழற்றி வைத்துவிட்டு, மடித்து வைத்திருந்த மெத்தையில் உட்கார்ந்தான். யோகா இரண்டு பேரையும் ஏசித் தீர்த்துவிட்டுச் சோறு சூடாக்கப் போனாள்.

"நீர் அங்கயே நிண்டிருக்கலாமே" என்றான்.

"நிண்டனான்."

"நான் திரும்பி வரேக்க நீர் இல்லை."

"எவ்வளவு நேரம் நிக்கிறது?"

தான் செய்ததை அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். அடுத்த ஸ்ரேசனில் இறங்கி நின்றிருக்கிறான். அவள் அடுத்த ரயிலில் வருவாள் என்று ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்திருக்கிறான். பிறகு ஷாத்லேக்குத் திரும்பி வந்திருக்கிறான். அதே நேரம்தான் அவள் அங்கிருந்து ஏறியிருக்க வேண்டும். பிறகு எல்லாச் சுரங்கத்துக்குள்ளும் ஓடியிருக்கிறான்.

"ஒலிபெருக்கியில உம்மட பேரைச் சொல்லிக் கூப்பிட்டினம். அவங்கள் சொன்ன விதத்தில அது உம்மட பேர் எண்டு எனக்கே விளங்கேல்லை." சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. "பொலிசுக்குப் போவம் எண்டு வெளிக்கிட்டனான். அக்காதான் பொறு எண்டவ."

பைக்குள் கைவிட்டு அவளுடைய போனை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தான். முழுவதும் சார்ஜ் ஏறியிருந்தது. அவன் சோற்றைப் பிசைந்தபடியே இருந்ததைக் கௌரி பார்த்தாள். பாதியில் கையைக் கழுவிவிட்டுப் படுத்துவிட்டான்.

மூன்றாம் நாள் காலை இருவருமே கோபுரத்தைப் பற்றிப் பேசவில்லை. யோகாவின் வீட்டுக்குக் கிட்ட ஒரு பெரிய பூங்கா இருந்தது. பாயும் போத்தலில் தேத்தண்ணியும் எடுத்துக்கொண்டு அங்கே போனார்கள். குளத்தில் வாத்துகள் நின்றன. ஆபிரிக்கப் பெண்கள் சிலர் ஒரு மரத்தடியில் சமைத்துக்கொண்டு வந்ததைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். மர நிழலில் பாயை விரித்தபோது ஆரூரன் சப்பாத்தைக் கழற்றினான். காலுறையோடு சேர்ந்து தோலும் வந்தது. இரண்டு பெருவிரலுக்கும் பக்கத்தில் கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது.

"இதோடயோ இவ்வளவும் நடந்தனீங்கள்?"

"இருந்தால் பிறகு எழும்ப ஏலாது. அதுதான் இருக்காமல் நடந்தனான்."

கௌரி தன் காலையும் நீட்டிக் காட்டினாள். இரண்டு பேரும் ஒருவர் காலை மற்றவர் பார்த்தார்கள். அவள் கைப்பையில் இருந்த பிளாஸ்ரரை எடுத்து முதலில் அவனுக்கு ஒட்டினாள்.

பிறகு, அவன் முகத்தைப் பார்க்காமல், சொன்னாள்.

"நேற்று அங்க ஒரு தமிழ்க் குடும்பம் நிண்டது. போன் வாங்கி உங்களுக்கு ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம். நான் கேக்கேல்லை."

அவன் பிளாஸ்ரரின் ஓரத்தை விரலால் அழுத்திவிட்டான்.

"ஏன்?"

"தெரியேல்லை. கொஞ்ச நேரம் ஒருத்தரும் இல்லாமல் இருக்கவேணும் போல இருந்தது. உங்களிலை கோபம் இல்லை. களைப்பு."

"நான் அங்க செத்துக்கொண்டு நிண்டனான் கௌரி."

"ஓம். தெரியும்."

அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது பொய்யாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அவன் தேத்தண்ணியை மூடியில் ஊற்றி அவளிடம் கொடுத்தான். மீதியைப் போத்தலோடு தான் குடித்தான்.

"அது எப்பிடி இருந்தது?" என்று பிறகு கேட்டான்.

"எது?"

"கோபுரம்."

அவள் சொன்னாள். நிறத்தைச் சொன்னாள். அதற்குள்ளால் வானம் தெரிந்ததைச் சொன்னாள். கோப்பி நன்றாக இல்லை என்பதையும், அதை வாங்கிய காசு எங்கிருந்து வந்தது என்பதையும் சொன்னாள். தான் இவ்வளவு நேரம் தொடர்ந்து கதைப்பது அவளுக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. அவன் போன் காலத்தில் கேட்டதுபோல "ம்", "பிறகு" என்று கேட்டான்.

அவள் முடித்ததும் அவன் சொன்னான். "வில்லாவுட்டில இருக்கேக்க ஒருக்கா என்னைக் கண் டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போனவங்கள். வான் வண்டியில. ரெண்டு பக்கமும் ஒவ்வொரு காவலாளி. திரும்பி வாற வழியில ஒரு வளைவில ஹார்பர் பாலம் தெரிஞ்சது. கண்ணுக்கு மருந்து விட்டிருந்ததால எல்லாம் தண்ணிக்குள்ள கிடக்கிற மாதிரி. சிட்னியில நான் முதன்முதல் பாத்த இடம் அது."

"நீங்கள் எனக்குச் சொல்லேல்லையே."

"அண்டைக்கு உமக்குப் போன் எடுத்தனான். சொல்லத்தான் எடுத்தனான். நீர் அண்டைக்கு நல்ல சந்தோசமா இருந்தனீர், உம்மட தங்கச்சிக்கு வேலை கிடைச்சதெண்டு. பிறகு சொல்லுவம் எண்டு விட்டிட்டன்."

கௌரிக்கு அந்த அழைப்பு நினைவில் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

"இப்ப வெளிக்கிட்டாலும் கோபுரத்தைப் பாத்திட்டு வரலாம்" என்றாள். "போவமா? எனக்கு வழி தெரியும்."

"வேண்டாம். கால் ஏலாது. நீர் சொன்னதே போதும்."

அவன் பாயில் மல்லாந்து படுத்துக் கையால் கண்ணை மூடிக்கொண்டான். சற்று நேரத்தில் குறட்டை கேட்டது. கௌரி அவன் பக்கத்தில் சரிந்தாள். அவன் தலைமயிரில் இவ்வளவு நரை இருப்பதை அவள் இதுவரை கவனித்துப் பார்த்ததில்லை. வீட்டில் அவனைப் பார்க்கிற நேரமெல்லாம் பெரும்பாலும் இருட்டு. நிழல் பாயை விட்டு நகரும் வரைக்கும் இருவரும் அங்கேயே கிடந்தார்கள்.

சிட்னியில் குளிர் காலம். பிளாக்டவுன் அறை பூட்டிக் கிடந்து ஈர வாசம் அடித்தது. பெட்டிகளைத் திறக்காமலே கட்டிலில் விழுந்தார்கள். அடுத்த நாள் விடியமுன் ஆரூரனின் அலாரம் அடித்தது. கௌரி கண்ணைத் திறக்காமல், அவன் எழும்பி விளக்கைப் போடப்போகிறான் என்று காத்திருந்தாள்.

அவன் அலாரத்தை நிறுத்தினான். இருட்டில் போன் வெளிச்சம் தெரிந்தது. கிடங்கு மேற்பார்வையாளருக்கு ஆங்கிலத்தில், குரலைத் தாழ்த்திப் பேசினான். இன்றைக்கு வரமாட்டேன், நாளைக்கு வருகிறேன். மறுபக்கத்தில் ஏதோ கேட்டார்கள். "No, not sick" என்றான். "Just tired."

"உமக்கும் இண்டைக்கு வேலையோ?" என்று பிறகு கேட்டான்.

"பின்னேரம்தான்."

"சரி" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து இரண்டு பேரையும் மூடினான். அவன் கால் குளிர்ந்து போய் இருந்தது. கௌரி விலகவில்லை. அவர்கள் எழும்பியபோது வெயில் கட்டில் வரைக்கும் வந்திருந்தது. பக்கத்து வீட்டு வளவில் யாரோ புல்லு வெட்டிக்கொண்டிருந்தார்கள்.